விற்காத புத்தகத்தை யார் பதிப்பது?

வியாசர்பாடியிலிருந்து, முதுகலை வரலாறு படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். பின்னி மில்லில் வேலை செய்த தாத்தாவிடமும் அவருடைய கூட்டாளிகளிடமும் உட்கார்ந்து பேசி, முந்நூறு பக்கம் எழுதி வைத்திருக்கிறாராம். இரண்டு பதிப்பகங்களில் படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, ஆனால் விற்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய பேராசிரியரோ, "இது பல்கலைக்கழகப் பதிப்பகம் போட வேண்டிய புத்தகம்" என்கிறார். அப்படியென்றால் என்ன, வணிகப் பதிப்பகத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு, நம்மிடம் அப்படி ஒன்று இருந்ததா என்பது அவருடைய கேள்வி.

தங்கையே, உங்கள் பேராசிரியர் சொன்னது முழுக்கச் சரி. "விற்காது" என்று சொன்னவர்கள் மீதும் வருத்தப்படாதீர்கள். கடை வாடகையும் காகிதக் கடனும் தலைமேல் இருப்பவர் அப்படித்தான் கணக்குப் போட்டாக வேண்டும். விற்காது என்று தெரிந்தே ஒரு புத்தகத்தைப் பதிப்பிக்கும் கடமை யாருக்கு உண்டு என்பதுதான் இங்கே கேள்வி. அந்தக் கடமைக்கு வைத்த பெயர்தான் பல்கலைக்கழகப் பதிப்பகம்.

நான் 1971-ல், பதினாறு வயதில், தங்கசாலைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் சேர்ந்தேன். கையெழுத்துப் பிரதியை நான் உரக்க வாசிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் அச்சான தாளைப் பார்த்துத் திருத்துவார். நான் கால்புள்ளியைச் சொல்லாமல் விட்டால் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். பிறகு நானும் மெய்ப்புப் பார்ப்பவனாகி, ஒரு பல்கலைக்கழகத்தின் பதிப்புத் துறையில் இருபத்தேழு ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். இந்த இரண்டு இடங்களிலும் கற்றதை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் 'பிரஸ்' என்றால் மெஷின். டிரெடில் ஓடும் சத்தம், மசி வாசனை, கட்டுக் கட்டாகக் காகிதம். பல்கலைக்கழகப் பிரஸ் என்றதும் வினாத்தாளும் விடைத்தாள் முகப்பும் அச்சடிக்கும் கூடம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அது அச்சகம். பதிப்பகம் என்பதற்கு மெஷினே தேவையில்லை. வந்த கையெழுத்துப் பிரதிகளில் எது அறிவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது என்று தேர்ந்தெடுப்பது, அதைத் துறை அறிந்தவர்களிடம் கொடுத்து உரசிப் பார்ப்பது, வரி வரியாகச் செப்பம் செய்வது, வெளியிட்டபின் இருபது வருடம் கழித்துத் தேடி வருபவருக்கும் கிடைக்கும்படி வைத்திருப்பது: இவ்வளவும் செய்தால் அது பதிப்பகம். அச்சடிப்பதை வெளியே யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம். நம்முடைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மெஷின் வாங்கப் பணம் கிடைத்தது. செப்பம் செய்ய ஆள் போடத்தான் பணம் கிடைக்கவில்லை. என் பணிக்காலம் முழுவதும் நான் பட்ட வேதனை இது.

உலகத்தில் இது எங்கே தொடங்கியது என்று கேட்டால், கேம்பிரிட்ஜைச் சொல்வார்கள். 1534-ல் எட்டாம் ஹென்றி மன்னர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அச்சிடும் உரிமை கொடுத்தார். உரிமை வந்து ஐம்பது வருடம் கழித்து, 1584-ல்தான் முதல் புத்தகம் வந்தது. ஆக்ஸ்போர்டில் அதற்கும் முன்னால், 1478-ல், முதல் அச்சுப் புத்தகம் வெளியானது. அதில் ஆண்டைத் தவறுதலாக 1468 என்று அச்சிட்டுவிட்டார்கள். அந்த ஊரின் முதல் புத்தகத்திலேயே பிழை! இதை முதன்முதலில் படித்தபோது, எந்த நூற்றாண்டிலும் எந்த மொழியிலும் எங்கள் தொழிலுக்கு வேலை உண்டு என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது அமெரிக்கக் கதை. 1878-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் பதிப்பகம் தொடங்கியபோது அதன் தலைவர் கில்மன் சொன்ன காரணம் எளிமையானது: அறிவை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்றால், தினமும் வகுப்புக்கு வந்து உட்கார முடிந்தவர்களோடு அது நின்றுவிடக் கூடாது, தூரத்தில் இருப்பவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அடுத்த அரை நூற்றாண்டில் வட்டாரப் பல்கலைக்கழகங்கள் இதைத் தங்கள் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. வட கரோலினா 1922-ல் தொடங்கியது. லூசியானா 1935-ல், நெப்ராஸ்கா 1941-ல். பெரிய நகரத்துப் பதிப்பகங்களுக்குத் தென் மாநிலத்துக் குத்தகை விவசாயியின் வாழ்க்கையோ சமவெளிப் பழங்குடியின் வரலாறோ சரக்காகத் தெரியவில்லை. அங்கேயே இருந்தவர்கள்தான் அதை எடுத்துச் செய்தார்கள்.

லூசியானாவில் நடந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துத் தெருவும் அந்த மக்களின் பேச்சும் அப்படியே நிறைந்த ஒரு நாவலை ஓர் இளைஞர் எழுதி வைத்திருந்தார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. 1969-ல் அவர் இறந்துபோக, அவருடைய தாய் அந்தப் பிரதியைச் சுமந்துகொண்டு கதவு கதவாகத் தட்டினார். கடைசியில் 1980-ல் அந்த மாநிலத்துப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. அடுத்த வருடமே புலிட்சர் பரிசு. பரிசை விடுங்கள். அந்த ஊர்ப் பேச்சை "இது பேச்சா" என்று முகம் சுளிக்காமல், அந்த ஊர்க் காதால் வாசிக்க அந்தப் பதிப்பகத்துக்கு முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் வடசென்னைப் பேச்சுக்கும் அப்படி ஒரு காது வேண்டும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பக்கத்தில் மைசூர் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிப்புப் பிரிவுக்குப் பிரசாராங்கம் என்று பெயர். பேராசிரியர்கள் ஊர் ஊராகப் போய்க் கன்னடத்தில் சொற்பொழிவு ஆற்ற, அந்தச் சொற்பொழிவுகளையே சின்னச் சின்னப் புத்தகங்களாக மலிவு விலையில் போட்டார்கள்.

இனி நம் கதை. அது பெரும்பாலும் நீங்களும் நானும் நடக்கிற தெருக்களிலேயே நடந்தது. 1761-ல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியைப் பிடித்தபோது, பிரெஞ்சுக்காரர்களின் அச்சு இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தது. சென்னையில் அதை ஓட்டத் தெரிந்தவர் இல்லாததால், கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையை முதலில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, வேப்பேரியில் இருந்த பாதிரியார் பப்ரிசியுஸிடம் அதைக் கொடுத்தார்கள். அந்த வேப்பேரி அச்சுக்கூடத்தில் 1779-ல் அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி வந்தது. 1812-ல் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க, அவர்களில் ஒருவரான எல்லிஸ் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. பாடம் நடத்தியதோடு நிற்காமல் அது அச்சுக்கூடம் வைத்துத் தமிழ் இலக்கண நூல்களையும் அகராதிகளையும் வெளியிட்டது. அதே வருடம், சென்னப்பட்டணத்தில், ஞானப்பிரகாசம் என்பவர் திருக்குறள் மூலத்தை அச்சில் பதிப்பித்தார். ஒன்று அரசு நடத்திய கல்லூரி, மற்றொன்று தனியார் முயற்சி. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு, தமிழ்ப் பதிப்பின் பெருஞ்சுமையை அந்தத் தனியார் கைகளே தாங்கின.

1835-ல் அச்சுச் சட்டக் கெடுபிடி தளர்ந்ததும் ஜார்ஜ் டவுன் முழுக்க அச்சுக்கூடங்கள் முளைத்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தங்கசாலைத் தெருவில்தான் நடத்தினார். நாணயம் அடித்த பழைய கட்டடத்துக்கே பிற்பாடு அரசு அச்சகம் வந்து சேர்ந்தது. இன்று வள்ளலார் நகர் என்று பெயர் மாறிய பஸ் நிலையத்தில் இறங்கி அந்தத் தெருவில் நடப்பவருக்குத் தட்டும் பாத்திரமும் சேட்டுக் கடை மிட்டாயும்தான் கண்ணில் படும். தமிழ்ப் புத்தகம் இன்றைய உருவத்தை எடுத்த தெரு அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அங்கே ஒவ்வொரு சந்திலும் ஒரு டிரெடிலாவது ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. செல்லரித்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி, ஒப்பிட்டு, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885-ல் பதிப்பித்தவர் அவர். 1887-ல் கலித்தொகையையும் கொண்டுவந்தார். ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்து ஒரு செவ்வியல் நூலை வெளியிடுவது எந்த நாட்டிலும் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் முதல் வேலை. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியே அந்த வேலையைச் செய்தார், ஆனால் அவருக்குப் பின்னால் பல்கலைக்கழகம் இல்லை. தம் சம்பாத்தியத்தையும் கையொப்பம் போட்டு முன்பணம் கொடுத்தவர்களையும் நம்பிச் செய்தார். அதே 1887-ல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தபோதும் இதே நிலைதான். கும்பகோணத்தில் கல்லூரி வேலை; விடுமுறை கிடைத்தால் அச்சு வேலையைப் பார்க்கச் சென்னைக்குப் பயணம்.

பல்கலைக்கழகம் அப்போது எங்கே போயிற்று என்று கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. காரணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. 1857-ல் தொடங்கியது தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் நிறுவனம். அதற்குச் சொந்தமாக ஆசிரியரும் கிடையாது, ஆராய்ச்சியும் கிடையாது. ஆராய்ச்சி இல்லாத இடத்தில் பதிப்பிக்க என்ன இருக்கும்? 1914-ல் இந்திய வரலாற்றுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை வந்து, எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அதில் அமர்ந்தார். 1919-ல் விஜயநகர வரலாற்றுக்கான மூலங்களைத் தொகுத்து அவர் தந்த நூல், பல்கலைக்கழகத்தின் வரலாற்று வரிசையில் முதலாவதாக வந்தது. கல்வெட்டு, இலக்கியம், பழைய குறிப்பு என்று சிதறிக் கிடந்தவற்றை ஒரே இடத்தில் அடுக்கித் தந்த நூல். அதே வரிசையில் 1935-லும் 1937-லும் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு வந்தது. அதற்குப் பிறகு சோழரைப் பற்றி எழுதிய எவரும் அதை ஏற்றோ மறுத்தோதான் எழுத வேண்டியிருந்தது.

ஆனாலும் பல்கலைக்கழகப் பதிப்பு என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் எடுத்துக் காட்டுவது சென்னைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்த பேரகராதியான தமிழ் லெக்சிகன். 1913-ல் வேலை தொடங்கியது. பாதிரியார் சாண்ட்லர் முதல் பதிப்பாசிரியர், மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதர். 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார். 1924-ல் அச்சுப் பகுதிகள் வரத் தொடங்கி, 1936-ல் ஆறு தொகுதிகள் முடிந்து, 1939-ல் பின்னிணைப்புத் தொகுதியும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என்று போட்ட மதிப்பீடு, நான்கு லட்சத்தைத் தாண்டியது. இதே கணக்கை எங்கள் தங்கசாலை முதலாளி ஒருவரிடம் கொண்டுபோயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இருபத்தாறு வருடம் முதலைப் போட்டுவிட்டு, நான்கு மடங்கு செலவையும் தாங்கிக்கொண்டு, லாபம் எப்போது என்று தெரியாமல் காத்திருக்க எந்த வணிகராலும் முடியாது. முடியாது என்பது அவருடைய குற்றமும் இல்லை. வியாபாரம் தொட முடியாத அந்த நீளத்தைத் தொடுவதற்காகத்தான் பொதுப்பணத்தில் ஒரு நிறுவனம் இருக்கிறது.

அந்த அகராதியைப் பிரித்துப் பாருங்கள். ஒரு சொல்லுக்கு எதிரில் அது யாழ்ப்பாண வழக்கா, திருநெல்வேலி வழக்கா, நாஞ்சில் நாட்டு வழக்கா என்று குறித்திருப்பார்கள். புலவர் சொல்லுக்கு மேற்கோள் காட்டியது போலவே, ஊர்ப் பேச்சுச் சொல்லுக்கும் இடம் கொடுத்தார்கள். குறையே இல்லையா என்றால், உண்டு. பல தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டிவிட்டார்கள் என்று தேவநேயப் பாவாணர் கடுமையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாகத்தான் 1974-ல் தமிழக அரசு அவரை இயக்குநராக வைத்துச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. பிழை சொல்வதற்கும் எதிரில் ஒரு முழுமையான புத்தகம் இருக்க வேண்டும் அல்லவா? நல்ல பதிப்பு, தன்னை மறுப்பவருக்கும் கால் ஊன்ற இடம் கொடுக்கிறது.

அதன்பின் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கம்பராமாயணத்தைப் பாட வேறுபாடுகளோடு பதிப்பித்தது. 1981-ல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, பதிப்புக்கென்றே ஒரு துறையும் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறையும் அமைத்தார்கள். பல்கலைக்கழகம் அல்லாதவர்களும் இந்த வேலையைச் செய்தார்கள். 1920-ல் திருநெல்வேலியில் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம், சங்க நூல்கள் உரையோடு கடையில் கிடைக்கும்படி பல தலைமுறைகளுக்குப் பார்த்துக்கொண்டது. அவர்கள் 1958-ல் லிங்கிச் செட்டித் தெருவில் திறந்த மறைமலையடிகள் நூலகத்தில்தான், மத்தியான இடைவேளையில் டிபன் டப்பாவைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, நான் என் தமிழைக் கற்றேன்.

இவ்வளவு செய்தும் அந்தப் புத்தகங்கள் ஏன் கைக்குக் கிடைப்பதில்லை? இதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. ஈய எழுத்துக் காலத்தில் எந்த அச்சகத்திடமும் ஒரு முழுப் புத்தகத்துக்குத் தேவையான எழுத்து இருக்காது. ஒரு தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களை ஃபாரம் என்போம்; டெம்மி என்ற புத்தக அளவில் ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம். சில ஃபாரங்களுக்கு எழுத்துக் கோத்து, புரூஃப் பார்த்து, அச்சடித்ததும், கட்டை அவிழ்த்து ஒவ்வோர் எழுத்தையும் அதன் அறையில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அந்த எழுத்தைக் கொண்டுதான் அடுத்த ஃபாரத்தைக் கோக்க வேண்டும். ஆகவே புத்தகம் முடியும்போது கையில் மிஞ்சுவது அச்சடித்த பிரதிகள் மட்டும்தான். ஆயிரம் பிரதி தீர்ந்து, இன்னும் நூறு பேர் கேட்டால், முதல் எழுத்திலிருந்து மறுபடி கோத்து, மறுபடி புரூஃப் பார்க்க வேண்டும். நூறு பேருக்காக யார் அதைச் செய்வார்கள்? அப்படியே ஒரு நூல் மறைந்துபோகும். ஆஃப்செட் வந்தபோது பிலிமைச் சேமித்து வைக்க முடிந்தது. இப்போது கணினிக் கோப்பு பத்திரமாக இருந்தால், ஒருவர் கேட்டால் ஒரே பிரதியைக்கூட அச்சடித்துக் கொடுக்கலாம். 'இருப்பு இல்லை' என்ற பதிலுக்குத் தொழில்நுட்பத்தில் இன்று எந்தக் காரணமும் மிச்சமில்லை.

ஆனால் அந்தப் பதிலை நானே கேட்டேன். ஓய்வு பெற்ற பிறகு, நான் மெய்ப்புப் பார்த்த ஒரு நூலைப் பேத்திக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் விற்பனைக் கூடத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. மறுநாள் போனேன், திறந்திருந்தது. நூற்பட்டியலே அங்கு இல்லை. பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு, அப்படி ஒரு புத்தகம் வந்ததாகவே தெரியாது என்றார் அங்கிருந்தவர். உள்ளே கோடவுனில் கட்டுப் பிரிக்காமல் முப்பது பிரதியாவது கிடக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டியவர்களில் நானும் ஒருவன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. ஒரு நூலைத் தேர்ந்து, செப்பம் செய்து, அச்சிட்டுவிட்டுப் பட்டியல் இல்லாத இருட்டறையில் வைப்பது, அதை எழுதியவருக்கும் படிக்க வேண்டியவருக்கும் ஒருசேரச் செய்யும் துரோகம். இன்று லெக்சிகனில் ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால் நானும் கைப்பேசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஏற்றி வைத்திருக்கும் பக்கத்தைத்தான் திறக்கிறேன். அவர்களுக்கு என் நன்றி என்றும் உண்டு. ஆனாலும் இந்த வேலையை நாம் அல்லவா முதலில் செய்திருக்க வேண்டும்!

உங்கள் கையெழுத்துப் பிரதிக்கு வருகிறேன். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது உங்கள் தாத்தாவின் மில் வாசலை ஒட்டித்தான். செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் முன்னின்று கூட்ட, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் வந்து சேர்ந்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். தலைவர்கள் பேசியது பதிவாகியிருக்கிறது. நூற்புப் பிரிவில் பஞ்சுத் தூசிக்கு நடுவே நின்றவர் என்ன பேசினார், மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, சம்பள நாளில் வாசலில் யார் யார் நின்றார்கள், மில் மூடியபின் அந்தக் குடும்பங்கள் எந்தத் தெருவுக்குப் போயின என்பதெல்லாம் வயதானவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அதேபோல் காசிமேட்டில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கும் பெயர்கள், ராயபுரம் ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த கூலித் தொழில்கள், பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறியவர்கள் கொண்டுவந்த சமையல். வடசென்னை என்றால் கத்தியும் சண்டையும் என்று பழக்கிவிட்டார்கள். அதை மறுக்கக் கோபப்பட்டால் போதாது. பெயர், தேதி, இடத்தோடு புத்தகம் வேண்டும்.

ஒரு நல்ல பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு உங்கள் பிரதி போனால், முதலில் தொழிலாளர் வரலாறு தெரிந்த இருவரிடம் படிக்கக் கொடுப்பார்கள். அவர்கள் உங்களைக் கேள்வி கேட்பார்கள். உதாரணத்துக்கு, 1921 வேலைநிறுத்தத்தையும் அதை ஒட்டிப் புளியந்தோப்பில் நடந்த சாதிக் கலவரத்தையும் பற்றித் தாத்தா ஏதாவது சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் அது அவர் கண்டது இல்லை, தம் பெரியவர்களிடம் கேட்டது. கண்டதையும் கேட்டதையும் ஒரே குரலில் எழுதியிருந்தால் பிரித்து எழுதச் சொல்வார்கள். தாத்தா எந்தப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தாரோ அந்தத் தெருவின் நியாயம் அவர் பேச்சில் இருக்கும். எதிர்ப்பக்கத் தெருவில் யாரிடமாவது பேசினீர்களா என்று கேட்பார்கள். இதைக் குறை கண்டுபிடிப்பதாக நினைத்துவிடாதீர்கள். முப்பது வருடம் கழித்து உங்கள் நூலை ஒருவர் ஆதாரமாகக் காட்டும்போது அது தாங்கி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். வணிகப் பதிப்பகத்தில் உங்களுக்கு இந்தக் கேள்விகள் வந்திருக்காது.

ஆகவே அனுப்பும் முன் சிலவற்றைச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் தேதி, இடம், பேசியவரின் வயது, மில்லில் அவர் இருந்த பிரிவு ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதுங்கள். அச்சிடச் சம்மதம் என்று அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்குங்கள். பெயர் வேண்டாம் என்பவருக்கு மாற்றுப் பெயர் வைத்து, அதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். இயந்திரங்களுக்கும் வேலைகளுக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்களை அகராதித் தமிழுக்கு மாற்ற வேண்டாம். அப்படியே வைத்துக் கடைசியில் ஒரு சொற்பட்டியல் கொடுங்கள். பேச்சை மேற்கோளில் கொடுக்கும்போது அவர்கள் வாய்மொழி மாறக் கூடாது. உங்கள் விளக்கம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஆள், இடப் பெயர்களுக்கு அகரவரிசை இல்லாத வரலாற்று நூலை நான் பாதிப் புத்தகம் என்றுதான் சொல்வேன். ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். ஒரு நகலை உங்கள் கல்லூரி நூலகத்தில் சேருங்கள். எந்தப் பதிப்பகம் போட்டாலும் ஒப்பந்தத்தில் இரண்டைக் கேளுங்கள்: இருப்புத் தீர்ந்து குறிப்பிட்ட காலத்துக்குள் மறுஅச்சு இல்லையென்றால் உரிமை உங்களுக்குத் திரும்ப வேண்டும், இறுதிக் கணினிக் கோப்பின் நகல் உங்களிடமும் இருக்க வேண்டும். சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போயிற்றா என்பதையும் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம் என்பதை உங்கள் பேராசிரியரோடு கலந்து முடிவு செய்யுங்கள். துறைத் தலைவர் வழியாகப் போனால் பிரதி மேசையில் தூங்காது. அதற்கு முன் முதல் அத்தியாயத்தை, வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுத்து எனக்கு அனுப்புங்கள். பழைய வண்ணாரப்பேட்டைதான், நடந்துகூட வந்து கொடுத்துவிடலாம். திருத்தி ஒரு வாரத்தில் தருகிறேன். தாத்தாவை மட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பக்கத்துக்குள்ளேயே அவரிடம் கேட்க வேண்டியவை ஏராளமாக வந்துவிடும்.